கடலில் ஓடும் கார்

கன்தோமோர் கதவைத் தட்டவில்லை.
குளிரையும் கூடவே இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்:
"துலாம்சுரென், என் கார் மறுபடியும் கடலில் ஓடுகிறது."

என் கடை ஒரு கப்பல் பெட்டி.
கடலே இல்லாத நாட்டில்
உலான்பாத்தர் பழைய உதிரிச் சந்தையின் ஓரத்தில்
இப்படி எங்கள் வரிசையில் மட்டும் நாற்பது பெட்டிகள்.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.

ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார்.
வலப்பக்கம் ஸ்டீயரிங்.
திரைக்குள் ஜப்பான் மட்டும்தான் வரைபடம்.
ஆண்டெனா உயிரோடு இருந்தால்
மங்கோலியா முழுவதும் வெறும் வெள்ளை,
நடுவில் ஒரு சிவப்பு அம்பு.
ஆண்டெனா செத்தால்
அம்பு தன் கடைசி ஞாபகத்துக்கு ஓடிவிடும்:
ஏற்றுமதிக்கு நின்ற ஏதோ ஒரு துறைமுகம்.
அங்கிருந்து சக்கரம் சுற்றச் சுற்ற
நேரே தண்ணீருக்குள்.

"மண்டல்கோவி போகும் வழியில்
பின்சீட்டுப் பையன் நீலத்தைப் பார்த்துவிட்டு
பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.
நீந்தணுமாம்."

சிரித்தேன்.
வரைபடமே இல்லாததற்கு ஆண்டெனா எதற்கு என்றேன்.
"எனக்கு வெள்ளை வேண்டும்," என்றார்.
"போகிற இடமும் அப்படித்தானே இருக்கிறது."

குளிரில் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி.
முடி உலர்த்தும் கருவியால் ஐந்து நிமிடம் சூடு காட்டி
சட்டத்தை நெம்பினேன். டக்.
ஒரு கொக்கி போச்சு; சொல்லவில்லை.
நான்கு திருகு. ஒன்று கைதவறி
கியருக்கு அடியில் எங்கோ விழுந்தது,
அதற்கு மட்டும் கால் மணி நேரம்.

பெட்டியை வெளியே இழுத்தால்
பின்னால் வயர்க் கூட்டம்.
அதில் ஒரு பச்சைச் செருகி,
நகக்கண் அளவு.
தொட்டேன், அம்பு செத்தது.
விட்டேன், உயிர் வந்தது.
தொட்டேன்.
"விளையாடாதே," என்றார் கன்தோமோர்.

அப்போதுதான் பார்த்தேன்:
செருகிக்கும் உறைக்கும் நடுவே
நான்காக மடித்த ஒரு மிட்டாய்த் தாள்.
ஆட்டம் நிற்கட்டும் என்று
யாரோ வைத்த ஆப்பு.
எவன் இந்த அரைகுறை வேலை பார்த்தவன் என்று
வாய்வரை வந்த வசவு.

பிரித்தேன்.
மடிப்பு நான்கும் ஓரத்தோடு ஓரம் சேர,
நகத்தால் நீவி நீவி அழுத்திய கோடுகள்.
அவசரக்காரன் இல்லை.
கடைக்குப் போகாமல்
ஒரு ஞாயிற்றுக்கிழமை
காரிலேயே குனிந்து உட்கார்ந்து,
மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு
தாளை மடித்த ஆள்.
ஆணோ பெண்ணோ.
எத்தனை குளிர்காலம் தாங்கியதோ இந்தத் தாள்.

பிறகு என் வேலை.
உள்ளே ஊசி பிடிக்கும் பித்தளை வாய்
விரிந்துபோயிருந்தது;
தையல் ஊசியால் ஒரு முடியளவு நெருக்கினேன்.
மேலே பின்னல் கம்பி பாதி அறுந்திருந்தது.
கையுறையோடு சால்டர் வைக்க முடியாது,
கழற்றினால் விரல் என்னுடையதாக இல்லை.
கன்தோமோர் உப்புப் பால் தேநீர்க் குவளையை நீட்டினார்,
குடிக்க இல்லை, பிடித்துக்கொள்ள.
விரல் திரும்பி வந்ததும்
ஒரு சொட்டு ஈயம். ஒரு புகை.
சுருங்கும் குழாய். துணி நாடா இரண்டு சுற்று.

சாவியைத் திருப்பினார்.
பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.
எப்போதும்போல "ஸா, ஸா" என்று
சரி சொல்லிவைத்தார்.
பதினோரு வருஷமாக அப்படித்தானாம்.

திரையில் முதலில் நீலம்.
இன்னும் நீலம்.
இருவரும் பேசவில்லை.
பிறகு கடல் சட்டென்று காணாமல் போக
வெள்ளை. அம்பு.
மூலையில் உயரம்: ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

சட்டத்தை மூடுவதற்குமுன்
தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து
இருந்த இடத்திலேயே செருகினேன்.
தேவை இல்லைதான்.

"எவ்வளவு?" என்றார்.
உடைந்த கொக்கியை நினைத்து
ஐயாயிரம் குறைத்துச் சொன்னேன்.